ஒன்பதாவது எழுத்து

என் கண்ணான மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் பேரனும் சுகம்தானே, குழந்தை பால் குடித்துவிட்டு ஒழுங்காகத் தூங்குகிறானா, உன் இடுப்பு வலி தேவலையா. எப்போதும் இதற்கு அடுத்த வரியில் இங்கே நாங்கள் இருவரும் நலம் என்று எழுதுவேன். கை தானாக அந்த வரிக்குத்தான் போகிறது, இழுத்துப் பிடித்து வைத்திருக்கிறேன். இந்தக் கடிதத்தை நின்றுகொண்டே படிக்காதே. குழந்தையை மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டு ஓர் இடத்தில் உட்கார்ந்து படி. பயந்துவிடாதே, அப்பா இருக்கிறார், இதோ எனக்கு எதிரே ஜன்னலோரம் உட்கார்ந்து நான் எழுதுவதையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அதை முதலில் மனதில் வாங்கிக்கொண்டு மீதியைப் படி.

முதல் சேதி, நீ அனுப்பிய கம்ப்யூட்டர் வீட்டு வைஃபையில் சேர்ந்துவிட்டது. போன திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்குச் சேர்ந்தது. இரண்டாவது சேதி, அது எட்டு வாரத்துக்கு முன்பே சேர்ந்திருக்க வேண்டியது, சேராமல் பார்த்துக்கொண்டவள் நான். நீ ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்து, வலது பக்கம் கீழ் மூலையில விசிறி மாதிரி ஒரு படம் இருக்கும் பாரும்மா, அதை அழுத்தும்மா என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாயே, அப்போதெல்லாம் கம்ப்யூட்டர் அட்டைப்பெட்டியை விட்டு வெளியே வரவே இல்லை. கட்டிலுக்கு அடியில், நான் கடையிலிருந்து கொண்டுவந்த திரைத்துணி மிச்சங்களுக்குப் பின்னால் கிடந்தது. விசிறிப் படமே காணோம் என்றேன். அடுத்த வாரம் வைஃபை பெட்டியில் விளக்கே எரியவில்லை என்றேன். அலமாரி மேல் நான்கு பச்சை விளக்கும் ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தன. நடுவில் சுவர் தடுக்கும், கம்ப்யூட்டரைக் கூடத்துக்குக் கொண்டு போம்மா என்று நீ சொன்னபோது, நாற்காலியைத் தரதரவென்று இழுத்துச் சத்தம் காட்டி, இதோ கொண்டுவந்துவிட்டேன், இங்கேயும் கிடைக்கவில்லை என்றேன். நீ அதோடு விட்டாயா, நான்கு பக்கத்துக்குப் படம் வரைந்து, அம்பு போட்டு, இதற்குப் பிறகு இது என்று எண் போட்டுத் தபாலில் அனுப்பினாய். மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு வரைந்திருப்பாய் போல, மூன்றாம் பக்கத்தில் பால் கறை இருந்தது. அந்தக் கறைமேல் விரலை வைத்துப் பார்த்தேன். ஆனாலும் அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் பொய்தான் சொன்னேன்.

ஏன் என்று கேட்பாய். இந்தப் பட்டன் போனில் முகம் தெரியாது, கம்ப்யூட்டர் சேர்ந்தால் நீ அப்பாவின் முகத்தைப் பார்ப்பாய், அதனால்தான். அப்பாவுக்கு ஐந்து மாதத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்தது. ஒரு வியாழக்கிழமை காலையில் காபி குடித்துக்கொண்டிருக்கும்போது கோப்பை கையிலிருந்து நழுவியது, வாய் குழறியது, சரிந்துவிட்டார். உடனே வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். பத்தொன்பது நாள் அங்கே இருந்தோம். வலது கையும் காலும் விழுந்துவிட்டன, கால் கொஞ்சம் தேறியிருக்கிறது, கோல் ஊன்றிக் கூடத்துக்கும் குளியலறைக்கும் நடக்கிறார், கை இன்னும் வரவில்லை. பேச்சு போய்விட்டது. டாக்டரம்மா சொல்கிறார், அவருக்கு நாம் பேசுவதெல்லாம் புரிகிறது, படிக்கவும் முடிகிறது, உள்ளே இருக்கிற வார்த்தை பேச்சாகவோ எழுத்தாகவோ வெளியே வரும் வழிதான் அடைபட்டிருக்கிறது என்று. அப்போது உனக்கு ஏழாம் மாதம். முதலில் ஒன்று தங்காமல் போய், இதற்காகப் படுத்த படுக்கையாகக் கிடந்தாய். உன் டாக்டர் உன்னைப் படி இறங்கவே கூடாது என்று சொல்லியிருந்தார். இந்த நிலைமையில் உன்னிடம் எப்படிச் சொல்வது. பிள்ளை பிறக்கட்டும் என்று இருந்தேன். பிறந்தான், எடை குறைவு என்றாய், எடை ஏறட்டும் என்று இருந்தேன். எடையும் ஏறியது. அதற்குள் என் வாய் போனை எடுத்தாலே தானாகப் பொய் சொல்லப் பழகிவிட்டது. அதனால்தான் இதைப் போனில் சொல்லாமல் எழுதுகிறேன். கையால் எழுதும்போது பொய் சொல்ல எனக்கு அவ்வளவு வரவில்லை.

அப்பா எங்கே என்று நீ கேட்கும்போதெல்லாம் குளிக்கிறார் என்றேன், நடக்கப் போயிருக்கிறார் என்றேன், தொண்டை கட்டியிருக்கிறது என்றேன். யாருக்காவது ஐந்து மாதம் தொண்டை கட்டுமா, நீ அதையும் நம்பினாய். சித்தப்பா மட்டும் வாரம் இரண்டு தடவை வந்து தன் அண்ணனைக் குளிப்பாட்டிவிட்டுப் போகிறார். வரும்போதெல்லாம், இது ரொம்பத் தப்பு அண்ணி, அவ பெரிய பொண்ணு, தாங்கிக்குவா, சொல்லிடுங்க என்பார். உங்கள் வேலையைப் பாருங்கள் என்று அவர் வாயை அடைத்துவிட்டேன். அவர்மேல் கோபப்படாதே, பாவம், உன் போன் வந்தால் எங்கே உளறிவிடுவோமோ என்று அவர் பால்கனிக்குப் போய் நின்றுகொள்வார்.

அப்பாவுக்கு இப்போது மிஞ்சியிருப்பது ஒரே ஒரு வார்த்தை. கிடங்கில் ஒவ்வொரு பார்சலாக லேபிளில் இருக்கிற எண்ணையும் தாளில் இருக்கிற எண்ணையும் விரல் வைத்து ஒத்துப் பார்த்து, சரியாக இருந்தால் ஆச்சு என்று சொல்லித் தள்ளிவிடுவாரே, முப்பத்தொரு வருஷம் ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை சொன்ன அந்த ஆச்சு மட்டும் எப்படியோ தப்பித்துக்கொண்டது. பசித்தாலும் ஆச்சு, வலித்தாலும் ஆச்சு, என்மேல் எரிச்சல் வந்தாலும் ஆச்சுதான். குரலை வைத்துத்தான் நான் பிரித்துக்கொள்கிறேன். முதல் மாதம் வேறு வார்த்தைக்காக மிகவும் பாடுபட்டார். வாயைத் திறப்பார், உதடு தேடும், கடைசியில் அதே வார்த்தைதான் வந்து விழும். ஒரு நாள் போர்வையைத் தலைவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு அழுதார். நான் பார்க்காத மாதிரி துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

இனிமேல் நடந்ததைக் கேள். போன சனிக்கிழமை நீ சொல்லி அனுப்பியதாக உன்னோடு படித்த பல் டாக்டர் வந்து நின்றாள். இரண்டு நோயாளிகளுக்கு நடுவில் ஓடி வந்தேன் ஆன்ட்டி, பத்து நிமிஷத்துல சேர்த்துக் கொடுத்துடறேன் என்றாள். அவள் முதல் நாளே போன் செய்து வருவதைச் சொல்லியிருந்ததால் நான் தயாராகத்தான் இருந்தேன். அப்பாவை உள் அறையில் உட்கார வைத்துக் கதவைச் சாத்தினேன், தூங்குகிறார் என்றேன். வைஃபை பெட்டிக்கு அடியில் பாஸ்வேர்ட் அச்சடித்த சீட்டு ஒன்று ஒட்டியிருக்கிறது அல்லவா, எழுத்தும் எண்ணுமாகப் பன்னிரண்டு, அலமாரி மேல் ஏறிப் பார்க்க வேண்டாம் என்று அதை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். எழுதும்போது ஒன்பதாவது எழுத்து பி இருந்த இடத்தில் டி போட்டேன். வேண்டுமென்றே போட்டேன். நான் ஒவ்வொரு எழுத்தாக வாசிக்க வாசிக்க அவள் தட்டினாள். மூன்று தடவை தட்டினாள், மூன்று தடவையும் பாஸ்வேர்ட் தவறு என்று வந்தது. பெட்டியிலதான் ஏதோ கோளாறு, கம்பெனிக்குச் சொல்லுங்க ஆன்ட்டி என்று சொல்லிவிட்டு மணியைப் பார்த்துக்கொண்டே ஓடினாள். போகும்போது என் கையைப் பிடித்து, அவ உங்களைப் பார்க்கணும்னு துடிக்கிறா என்றாள். நான் கதவைத் திறந்து அப்பாவைக் கூடத்துக்குக் கூட்டிவந்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை உன் போன். கம்ப்யூட்டரைப் பற்றிப் பேசி முடித்த பிறகு, அம்மா, அப்பாவுக்கு என்மேல் கோபமா, பிள்ளை பிறந்ததுக்குக்கூட ஒரு வார்த்தை பேசலையே என்று கேட்டாய். ஆமாம், கொஞ்சம் கோபமாகத்தான் இருக்கிறார், போகப் போகச் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டேன். அப்பா எனக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தார். உன் குரலும் அவருக்குக் கேட்டது, என் குரலும் கேட்டது. போனை வைத்துவிட்டுத் திரும்பினால் இடது கையை நீட்டிக்கொண்டிருக்கிறார், போனைக் கொடு என்று. கொடுத்து என்ன செய்ய. நீ வைத்துவிட்டாய், நான் போனைத் தள்ளி வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனேன். மகளே, நான் சொன்ன பொய்களில் இதுதான் கேவலமானது. ஒரு பாவமும் செய்யாத மனுஷன் தலையில் பழியைப் போட்டேன்.

திங்கட்கிழமை காலை நான் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும்போது கோலால் அலமாரி உச்சியைக் காட்டி ஆச்சு என்றார். வைஃபை பெட்டியைக் காட்டுகிறார் என்று தெரிந்தும் புரியாத மாதிரி விளக்கைப் போட்டேன், அணைத்தேன். மனுஷன் ஒரு நாற்காலியைக் கோலால் தள்ளித் தானே ஏறப் பார்த்தார். வேறு வழியில்லாமல் நானே எடுத்து மேஜைமேல் வைத்தேன். பெட்டியைக் கவிழ்த்தார், மூக்குக் கண்ணாடியைப் போட்டுவிடச் சைகை காட்டினார், சனிக்கிழமை நான் வாசித்த அந்தத் தாள் எங்கே என்று கையால் கேட்டார். சட்டைப் பையில் சிவப்பு பென்சில் வைத்துக்கொள்கிற பழக்கம் இன்னும் விடவில்லை, தினமும் சட்டை மாட்டிவிட்டதும் பையைத் தட்டிப் பார்ப்பார், இல்லாவிட்டால் நகர மாட்டார். சீட்டில் ஓர் எழுத்தின் மேல் விரலை வைப்பார், தாளைப் பார்ப்பார், விரலைத் தாளில் வைப்பார், மறுபடி சீட்டைப் பார்ப்பார். கிடங்கில் கண் மூடித் திறப்பதற்குள் செய்வதை இப்போது ஒவ்வோர் எழுத்துக்கும் அவ்வளவு நேரம் எடுத்துச் செய்தார். ஒன்பதாவது எழுத்தில் விரல் நின்றது. மூன்று தடவை பார்த்தார். பென்சிலை எடுத்து, தப்பான லேபிளில் போடுவாரே அதே மாதிரி டியைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம் போட்டு, தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். முப்பத்தாறு வருஷத்தில் அப்படி ஒரு பார்வை நான் பார்த்ததில்லை. அதில் கோபம் இருந்திருந்தால் சண்டை போட்டுத் தப்பித்திருப்பேன்.

ஆமா, நான்தான் மாத்தினேன், இப்ப என்ன பண்ணணுங்கறீங்க என்று கத்தினேன். பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். அவர் பாட்டுக்குக் கம்ப்யூட்டரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். உன் நான்கு பக்கங்களையும் வரிசையாகப் பரப்பி, அம்பு காட்டிய இடத்தையெல்லாம் ஒற்றை விரலால் அழுத்தினார். விசிறிப் படம் வந்தது, அதை அழுத்தினால் ஏழெட்டு வீட்டு வைஃபை பெயர்கள் வரிசையாக வந்தன, நம்முடையது எது என்று சீட்டோடு ஒத்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார். பாஸ்வேர்ட் அடிக்கும் இடத்தில்தான் மாட்டிக்கொண்டார். பெரிய எழுத்துக்கு ஷிஃப்ட் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு இன்னொரு பட்டனைத் தட்டவேண்டும் என்று எழுதியிருந்தாயே, அதற்கு இரண்டு கை வேண்டும். அவர் ஒன்றை அழுத்தினார், விட்டார், மற்றதை அழுத்தினார், சின்ன எழுத்தாகவே போய் விழுந்தது. வலது கையைத் தூக்கி மேஜைமேல் வைத்துப் பார்த்தார், அது கிடந்தது. நான் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசற்கதவுப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். அப்படியே போயிருக்கலாம், அவரால் முடிந்திருக்காது. திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்து ஷிஃப்ட் பட்டன்மேல் என் விரலை வைத்தேன். பெரிய எழுத்து வரும்போதெல்லாம் என்னைப் பார்ப்பார், நான் அழுத்துவேன், அவர் தட்டுவார். முதல் தடவை தவறு என்று வந்தது, என் விரல்தான் நழுவியது. இரண்டாம் தடவை சின்னதாக ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்து, இணைக்கப்பட்டது என்று வந்தது. அப்பா அதை விரல் வைத்து ஒரு தடவை படித்துவிட்டு ஆச்சு என்றார். ஐந்து மாதத்தில் அந்த வார்த்தை தன் சொந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது அன்றைக்குத்தான். அன்று நான் கடைக்குப் போகவில்லை.

அவர் அப்போதே உன்னைக் கூப்பிட வேண்டும் என்று நின்றார். நான் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன். அவளுக்கு ஒன்றும் தெரியாது, திடீரென்று பார்த்தால் பிள்ளையைக் கீழே போட்டுவிடுவாள், முதலில் எழுதிவிடுகிறேன், கடிதம் போய்ச் சேரப் பன்னிரண்டு நாள், எழுத எனக்கு நாலைந்து நாள் கொடுங்கள் என்றேன். காலண்டரைக் கழற்றித் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டார். தினம் ஒரு தேதியைச் சிவப்பில் அடிக்கிறார். நான் சாக்குச் சொல்லித் தள்ளிப்போட முடியாதபடி அது என் கண்ணெதிரே கிடக்கிறது. இன்று நான்காவது கோடு.

அதனால் இந்தக் கடிதம் கிடைத்ததும் போன் செய்யாதே. கம்ப்யூட்டரிலேயே கூப்பிடு. எங்களுக்குக் காலை பத்து மணி என்று வைத்துக்கொள். ஒன்பது மணிக்கே சவரம் செய்துவிடச் சொல்லி, நீ வாங்கிக் கொடுத்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு அவர் அதன் எதிரே உட்கார்ந்துவிடுவார், இப்போதே ஒத்திகை பார்க்கிற மாதிரி தினமும் உட்காருகிறார். முகம் வலது பக்கம் இறங்கியிருக்கும். நீ சின்னவளாக இருந்தபோது கிடங்கு மேலாளர் மாதிரி வாயைக் கோணி இழுத்துக் காட்டுவாரே, நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாயே, பார்த்ததும் அதுதான் ஞாபகத்துக்கு வரும். இது நடிப்பு இல்லை, சிரித்துவிடாதே. அவர் சிரித்தால் இடது பக்கம் மட்டும் சிரிக்கும். கத்திப் பேசாதே, காது நன்றாகவே கேட்கிறது. அவர் வார்த்தை தேடும்போது நீ எடுத்துக் கொடுக்காதே, கடைசியில் ஆச்சு என்றால் தலையாட்டு, போதும். முதலில் பேரனைக் காட்டு, அவன் முகத்தை அவர் ஆற அமரப் பார்க்கட்டும். அழுகை வந்தால் அழு, அதை நான் தடுக்கமாட்டேன், ஆனால் பிள்ளையைக் கீழே வைத்துவிட்டு அழு. அப்பாவுக்கு உன்மேல் ஒரு நாளும் கோபம் இருந்ததில்லை என்பதை நான் அவர் எதிரிலேயே உன்னிடம் சொல்வேன்.

மற்றபடி குளிர் காற்றில் குழந்தையின் காதை மூடாமல் வெளியே தூக்கிக்கொண்டு போகாதே. பிள்ளைக்குப் பால் கொடுக்கிறவள் வேளைக்குச் சாப்பிட வேண்டும், மாப்பிள்ளை வந்தபிறகு சாப்பிடலாம் என்று காத்துக் கிடக்காதே. டிக்கெட் போட்டுக்கொண்டு அவசரமாக ஓடி வராதே, பிள்ளைக்கு ஊசியெல்லாம் போட்டு முடியட்டும், நாங்கள் எங்கேயும் போகப் போவதில்லை. உன் குடும்பத்துக்கு ஒரு குறையும் வராமல், பேரன் நோய்நொடி இல்லாமல் வளர வேண்டும் என்று நாங்கள் இருவரும் மனம் நிறைந்து வாழ்த்துகிறோம். பத்து மணி, மறந்துவிடாதே.

உன்னை நினைத்தபடியே இருக்கும்,
அம்மா

கையெழுத்துப் போட்ட பிறகும் எழுத வேண்டியதாகிவிட்டது. உறையில் போடுவதற்கு முன் இதை அப்பாவிடம் கொடுத்தேன். அவரைப் பற்றி எழுதியதை அவர் படிக்காமல் அனுப்புவது நியாயம் இல்லை என்று தோன்றியது. வரிக்கு வரி விரலை ஓட்டிப் படித்தார். போர்வைக்குள் அழுதார் என்று எழுதிய இடத்தில்கூட நிற்கவில்லை. கடைசிவரை போய்விட்டு, திரும்ப முன்பக்கங்களுக்கு வந்து, ஆஸ்பத்திரிக்குப் போனதைப் பற்றிய வரியில் விரலை வைத்தார். பையிலிருந்து பென்சிலை எடுத்தார். நீயும் பார்த்திருப்பாய், அங்கே உடனே என்ற வார்த்தையைச் சுற்றிச் சிவப்பு வட்டம் இருக்கிறது. அந்தப் பக்கத்தை மட்டும் வேறு தாளில் எழுதிவிடலாமா என்று யோசித்தேன். வேண்டாம், இருக்கட்டும்.

உடனே இல்லை, குட்டி. கோப்பை விழுந்தது காலை ஒன்பது மணிக்கு. சத்தம் கேட்டுத் திரும்பினேன், வாயை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு ஏதோ குழறினார். மேலாளர் மாதிரி நடிக்கிறார் என்று நினைத்தேன். பத்து மணிக்குள் ஒரு ஓட்டலுக்குப் பதினாறு ஜன்னல் திரை கொண்டுபோய் மாட்டியாக வேண்டும், என் அவசரம் எனக்கு. காலங்காத்தால கோணவாய் காட்டிட்டு நிக்காதீங்க, அதைக் கூட்டி ஓரமா வைங்க என்று சொல்லிவிட்டு, கதவை இழுத்துச் சாத்திக்கொண்டு போய்விட்டேன். திரும்பி வந்தபோது பதினொன்றரை. சமையலறைத் தரையில் சுவரில் சாய்ந்து கிடந்தார். உடைந்த துண்டுகளையெல்லாம் இடது கையால் கூட்டி ஓரமாக வைத்திருந்தார். அந்த நிலைமையிலும் நான் சொன்னதைச் செய்திருந்தார். எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று டாக்டரம்மா கேட்டார், உண்மையைச் சொன்னேன், சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். சீக்கிரம் கொண்டுவந்திருந்தால் பேச்சு தங்கியிருக்குமா என்று மூன்றாம் நாள் நானே கேட்டேன். தங்கியிருக்கலாம் என்றார். உன் உடம்பு, பிள்ளையின் எடை என்று மேலே எழுதியதெல்லாம் நிஜம்தான். ஆனால் பிள்ளைக்கு எடை ஏறிய பிறகும் கம்ப்யூட்டர் கட்டிலுக்கு அடியில் கிடந்தது இதற்காகத்தான். அவர் முகத்தைப் பார்த்தால் எத்தனை மணிக்கு நடந்தது, நீ எங்கேம்மா இருந்தாய் என்று நீ கேட்பாய். கேள். பதில் எழுதிவிட்டேன்.

இந்தப் பக்கத்தையும் அவர் முன்னால் கொண்டுபோய் வைத்தேன். விரல் வைத்து மெல்லப் படித்தார். வட்டம் எங்கும் போடவில்லை. கீழே நான் முன்பே போட்டிருந்த கையெழுத்துக்குப் பக்கத்தில் இருப்பது வெறும் கிறுக்கல் இல்லை, சரியான லேபிளில் அவர் போடும் டிக். இடது கை என்பதால் கொஞ்சம் கோணலாக வந்திருக்கிறது.

அம்மா